எப்பிடிடா செத்த?

பேசின் பிரிட்ஜில் இறங்காதவர்கள்கூட அங்கே கொஞ்ச நேரம் இருந்திருப்பார்கள். சென்ட்ரலுக்குள் நுழையவேண்டிய ரயில்கள் பிளாட்பாரம் காலியாகும்வரை சிக்னலுக்காக நிற்கும் இடம் அது. பெட்டிகளை இறக்கி வாசல் ஓரம் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, "கரெக்டா இங்க வந்து போட்டுட்டான் பாரு" என்று பயணிகள் அலுத்துக்கொள்ளும்போது ஜன்னலுக்கு வெளியே தெரிவது எங்கள் ஏரியா. ரயில் பெட்டிகளைக் கழுவும் யார்டு, கறுத்த கால்வாய், மின்நிலையம், அந்தப் பக்கம் புளியந்தோப்பு, இந்தப் பக்கம் மூலகொத்தளம். ஜன்னல் வழியாகத் தெரியாதது ஒன்று உண்டு. 90களின் கடைசியில் மூலகொத்தளத்தில் ஒரு சந்துக்குள் இருந்த வீடியோ கேம் கடை.

கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நின்றுகொண்டு ஆடும் பெட்டி இரண்டு, ஒரு பழைய கலர் டிவியில் மாட்டிய கேம் செட் ஒன்று, ஒரு மர பெஞ்சு. ஒரு ரூபாய்க்கு ஒரு காயின். கடைக்காரரை எல்லோரும் பாய் என்போம். என் கையில் வாரத்துக்கு இரண்டு ரூபாய் இருந்தால் அதிகம். அந்த இரண்டு ரூபாய் சரியாக ஆறு ஏழு நிமிடம் தாங்கும். மிச்ச மூன்று மணி நேரமும் பெஞ்சுதான். எனக்கு மட்டுமில்லை, எல்லோருக்கும் அதே கணக்கு. ஆடுகிறவன் ஒருத்தன், பார்க்கிறவர்கள் பத்துப் பேர். ஆடுகிறவன் செத்ததும் பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி வரும்.

"எப்பிடிடா செத்த?"

கேலி பாதி, நிஜமான விசாரணை பாதி. செத்தவன் பதில் சொல்லியாக வேண்டும். "மேல இருந்து குதிச்சான், நான் முன்னாடி பாத்துனு இருந்தேன்." பெஞ்சு அந்தப் பதிலை ஏற்கும், அல்லது மறுக்கும். "மேல இருந்து இல்ல, அவன் அப்பவே வந்துட்டான். நீதான் கறி எடுக்கப் போன." தீர்ப்பு சொல்லிவிட்டு அடுத்தவன் காயின் போடுவான்.

எந்த வீடியோ கேம் மகத்தானது என்ற கேள்விக்கு ஒவ்வொரு வருடமும் பட்டியல்கள் வருகின்றன. காட்சித் தரம், கதை, இசை, திறந்த உலகம், எத்தனை மணி நேரம் ஆடலாம் என்று அளவுகோல்கள் நீளும். நானும் அவற்றை வாசிப்பவன்தான், சில வருடங்கள் அந்தத் தொழிலிலும் இருந்தேன். ஆனால் அந்த பெஞ்சு கற்றுத்தந்த அளவுகோலைத் தாண்டி எதையும் என்னால் முழுசாக நம்ப முடியவில்லை. நல்ல ஆட்டத்தில் செத்தவனால் ஏன் செத்தான் என்று ஒரு வரியில் சொல்ல முடியும். அந்த ஒரு வரி சரியா தப்பா என்று பின்னால் நிற்பவனாலும் சொல்ல முடியும். ஆட்டக்காரர்கள் ஒரு ஆட்டத்தைத் தலைமுறை தாண்டி நினைவில் வைத்திருப்பதற்கு, மற்ற எல்லாவற்றையும்விட இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

எங்கள் கடையில் அப்படி இருந்தது 'முஸ்தபா'.

அதன் உண்மையான பெயர் 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்' என்பது எனக்குக் கல்லூரியில்தான் தெரியும். 1993ல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் வெளியிட்டது. மார்க் ஷுல்ட்ஸ் என்ற அமெரிக்கர் வரைந்த 'ஜெனோசோயிக் டேல்ஸ்' காமிக்ஸின் அடிப்படையில் உருவானது. நான்கு நாயகர்கள். அதில் மஞ்சள் தொப்பி போட்டவன் பெயர் முஸ்தபா கெய்ரோ. கடையில் யாரும் தலைப்பைப் படித்ததில்லை, அந்த ஒரு பெயரைத்தான் படித்தார்கள். எங்கள் சந்தில் மட்டும் இப்படி என்று நினைத்திருந்தேன். பின்னால் பெங்களூரில் வேலைக்குப் போனபோது, வடக்கே எங்கெங்கிருந்தோ வந்த பையன்களும் அதை 'முஸ்தபா' என்றே சொன்னார்கள். 1996ல் 'காதல் தேசம்' வந்து அந்தப் பெயரை எல்லா ஆட்டோவிலும் ஒலிக்கவிட்டிருந்தது வேறு. அந்தப் பாட்டுக்கும் இந்த ஆட்டத்துக்கும் ஏதோ சம்பந்தம் உண்டு என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

உலகத்தின் பெரும் பட்டியல்களில் இதற்குப் பெரிய இடம் கிடையாது. கேப்காம் என்றால் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2', 'ஃபைனல் ஃபைட்' என்றுதான் பேசுவார்கள். 2018ல் கேப்காம் தன் பழைய அடிதடி ஆட்டங்கள் ஏழைத் தொகுத்து வெளியிட்டபோதும் இதைச் சேர்க்கவில்லை. வீட்டு கன்சோல்களுக்கும் இது வந்ததே இல்லை. அப்படியிருந்தும் இன்று முப்பது நாற்பது வயதில் இருக்கும் இந்தியப் பையன்களிடம் கேட்டால் முதலில் சொல்லும் பெயர்களில் இது இருக்கும். "கிடைச்சத ஆடினீங்க, அவ்ளோதான்" என்று ஒரு நண்பன் என்னை மடக்கினான். பாதி உண்மை. ஆனால் பக்கத்திலேயே இன்னொரு பெட்டி இருந்தது, விமானத்தில் சுட்டுக்கொண்டே போகும் ஆட்டம். அதுவும் அதே ஒரு ரூபாய்தான். அதன் பின்னால் பெஞ்சைத் திருப்பிப் போட்டு யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. திரை முழுக்கக் குண்டுகள் நிரம்பிவிடும். எது பட்டுச் செத்தான் என்று ஆடுகிறவனுக்கே தெரியாது.

முஸ்தபாவில் எல்லாம் தெரியும். ஆட்டம் பக்கவாட்டில் நகர்கிறது, ஆனால் தெருவுக்கு அகலமும் உண்டு, மேலும் கீழும் நடக்கலாம். உங்களை அடிக்க எதிரி உங்கள் நேர்கோட்டுக்கு வந்தாக வேண்டும். வருவான், கொஞ்சம் தயங்குவான், கையை ஓங்குவான், பிறகுதான் அடி. அந்தத் தயக்கம்தான் ஆட்டத்தின் உயிர். ஆடுகிறவன் கண் முன்னால் இருப்பவன் மேல் இருக்கும். பெஞ்சில் இருப்பவனுக்குத் திரை முழுக்கத் தெரியும். இடது ஓரத்தில் ஒருத்தன் நுழைந்து, இறங்கி, நேர்கோட்டுக்கு வந்துகொண்டிருப்பதை ஆடுகிறவனுக்கு முன்பே பெஞ்சு பார்த்துவிடும். "டேய் பின்னாடி பின்னாடி!" இந்த ஆட்டத்தில் பார்வையாளனுக்கு ஆட்டக்காரனைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது. அதனால் அவனுக்குப் பதற்றமும் கூடுதல்.

இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினால் சுற்றி இருக்கும் எல்லோரையும் ஒரே வீச்சில் தள்ளிவிடலாம். ஆனால் அதற்கு உங்கள் உயிர்க் கோட்டிலிருந்தே கொஞ்சம் போய்விடும். தப்பிக்க விலை உண்டு, விலை திரையின் மேலே கண்ணெதிரே குறைகிறது. பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் அந்தக் கோட்டுக்குக் கணக்கப்பிள்ளைகள். "இப்பவே டபுள் பட்டன் போடாதடா, பாஸுக்கு வெச்சிக்க." பீப்பாயை உடைத்தால் சாப்பாடு வரும், சாப்பிட்டால் உயிர் ஏறும். இரண்டு பேர் ஆடும்போது யாருக்கு உயிர் குறைவோ அவன்தான் எடுக்க வேண்டும் என்று எந்தக் கையேட்டிலும் எழுதியிருக்கவில்லை. உயிர் நிறைய வைத்துக்கொண்டு கறியை எடுத்தவனைப் பற்றி எங்கள் தெருவில் ஒரு வாரம் பேச்சு ஓடும். எங்கள் கடைப் பெட்டியில் இரண்டு ஜாய்ஸ்டிக்தான். மூன்று பேர் சேர்ந்து ஆடலாம் என்று அந்த ஆட்டத்தை உருவாக்கியவர்கள் நினைத்திருந்தது எனக்குப் பல வருடம் கழித்துத் தெரிந்தபோது, ஏமாந்துவிட்ட மாதிரி இருந்தது.

செத்தால் திரையில் எண்கள் இறங்கும். அந்தச் சில நொடிகளில் காயின் போட்டால் அதே இடத்திலிருந்து தொடரலாம். செத்தவனிடம் காசு இருக்காது. பெஞ்சில் எவனிடமாவது இருக்கும். அவன் எழுந்து வந்து போட்டால், செத்தவன் விட்ட இடத்திலிருந்து அவன் ஆட்டம். ஒருத்தன் தோல்வி அடுத்தவனுக்கு வாசல். காயின் வாங்குவதற்காக மெனக்கெட்டுச் செய்த வியாபார ஏற்பாடு அது, எனக்குத் தெரியும். ஆனால் பத்து பையன்களும் ஐந்து ரூபாயும் இருந்த இடத்தில் அது வேறொன்றாக மாறிவிட்டது.

டிவியில் மாட்டிய செட்டில் 'காண்ட்ரா' ஓடும். ஜப்பானியக் கன்சோலின் மலிவான நகல் அது, கேசட் பர்மா பஜாரிலிருந்து வந்தது. காண்ட்ராவில் ஒரு குண்டு பட்டால் ஒரு உயிர் போச்சு. பேச்சே கிடையாது. மூன்றாவது ஸ்டேஜ் அருவி, மேலே மேலே ஏற வேண்டும். இருவர் ஆடும்போது ஒருவன் வேகமாக ஏறினால் திரையும் அவனோடு ஏறும், கீழே தங்கியவன் திரைக்கு வெளியே போய்ச் செத்துவிடுவான். எதிரி யாரும் சுடாமலே. அந்த இடத்தில் 'எப்பிடிடா செத்த' கேள்விக்கு வரும் பதில், "இவன் விட்டுட்டுப் போய்ட்டான்." அந்த அருவியில் முறிந்த நட்புகளை எனக்குத் தெரியும். 30 உயிர் தரும் ரகசிய பட்டன் வரிசை ஒன்று உண்டு. அதைக் கற்றுக்கொண்டு வந்தவன் இரண்டு நாள் ராஜாவாக இருந்தான். மூன்றாம் நாள் அவன் ஆடும்போது பெஞ்சு காலி. முப்பதில் ஒன்று போனால் யார் கேட்கப்போகிறார்கள்?

இந்தக் கேள்வி எங்களுக்கு வீடியோ கேமிலிருந்து வந்ததில்லை என்று இப்போது தோன்றுகிறது. அதே சந்தின் முனையில், மாலை ஆறு மணிக்குமேல், தாழத் தொங்கும் பல்புக்குக் கீழே கேரம் போர்டு போடுவார்கள். வடசென்னையில் கேரம் பொழுதுபோக்கு மட்டும் கிடையாது. இரண்டு முறை உலகச் சாம்பியனாகி 1996ல் அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயம் சென்னைக்காரர். 2024ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புது வண்ணாரப்பேட்டையிலிருந்து போன ஆட்டோ ஓட்டுநரின் மகள். 'வட சென்னை' படத்தின் நாயகன் கேரம் ஆடுகிறவனாக இருப்பது தற்செயல் இல்லை.

கேரமைப் போலத் தோல்வியை வெட்டவெளிச்சமாக வைக்கும் ஆட்டம் வேறு எது என்று யோசித்துப் பார்க்கிறேன். 9 வெள்ளை, 9 கறுப்பு, ஒரு சிகப்பு. மறைத்து வைத்த சீட்டு எதுவும் இல்லை. சிகப்பைப் போட்டால் உடனே ஃபாலோ போட வேண்டும், தவறினால் சிகப்பு திரும்ப நடுவுக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். போர்டைச் சுற்றி நிற்பவர்கள் வாயைத் திறக்கக் கூடாது என்பது சட்டம், ஆனால் ஸ்ட்ரைக்கர் கிளம்புவதற்கு முன்பே அவர்கள் முகத்தில் முடிவு தெரிந்துவிடும். காய் தவறியதும் "பட்டையா வெச்சிட்ட" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்வார் ஒரு பெரியவர். அந்த வார்த்தைக்காகவே சிலர் ஆடினார்கள். கேரம் பார்த்து வளர்ந்த பையன்கள்தான் பாயின் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆட்டங்களில் தோற்பதைப் பற்றி டென்மார்க்கைச் சேர்ந்த யெஸ்பர் யூல் 2013ல் 'தி ஆர்ட் ஆஃப் ஃபெயிலியர்' என்று ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். தோற்பதை வெறுக்கும் நாம் ஏன் தோற்கடிக்கும் ஆட்டங்களைத் தேடிப் போகிறோம் என்பது அவருடைய கேள்வி. நல்ல கேள்வி. ஆனால் அதில் தனியாக உட்கார்ந்து தோற்கும் ஒருவரே என் மனதில் எழுகிறார். பெஞ்சு எங்கே என்று தேடினேன். பெஞ்சைப் புரிந்துகொண்டவர்கள் என்று எனக்குப் பட்டவர்கள் 'டீமன்ஸ் சோல்ஸ்' ஆட்டத்தை 2009ல் உருவாக்கிய ஜப்பானியர்கள். அதில் தரையில் ஆங்காங்கே ரத்தக் கறைகள் இருக்கும். தொட்டால், உலகத்தில் எங்கோ ஒருவர் அந்த இடத்தில் செத்ததன் கடைசிச் சில நொடிகள் ஆவி உருவமாக உங்கள் முன்னால் ஓடும். ஓடிவருகிறார், திரும்புகிறார், விழுகிறார். அவரை என்ன கொன்றது என்று காட்டாது, நீங்கள்தான் ஊகிக்க வேண்டும். முதல்முறை அதைப் பார்த்தபோது ராத்திரி ஒரு மணி. பெங்களூர் அறையில் தனியாக இருந்த நான் திரையைப் பார்த்து சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

சரி, இது கஷ்டமான ஆட்டங்களுக்கு மட்டும்தானே பொருந்தும், சாவே இல்லாத ஆட்டங்களுக்கு? நியாயமான சந்தேகம். 'வெண்பா'வை எடுத்துக்கொள்கிறேன்.

டொரண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. 1980களில் கனடாவில் குடியேறிய வெண்பா, பாவலன் தம்பதி, அவர்கள் மகன் கவின். வெண்பாவின் அம்மா எழுதிய சமையல் புத்தகம் கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. காணாமல் போன வரிகளை யோசித்து நிரப்பிச் சமைப்பதுதான் ஆட்டம். 2024ல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக ஆட்டம் விருதும், சுதந்திர ஆட்டங்களுக்கான ஐஜிஎஃப் விழாவின் உச்சப் பரிசும் இதற்குக் கிடைத்தன. தமிழர்கள் பலர் ஆடாமலே பெருமைப்பட்டார்கள். நான் ஆடிவிட்டுப் பெருமைப்படலாம் என்று லேப்டாப்பைத் திறந்தேன்.

முதல் உணவு இட்லி. தட்டுகளை அடுக்கும் இடத்தில், புத்தகத்தில் வரி அழிந்திருக்கிறது. நான் மூன்று தட்டையும் ஒரே மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா சொன்னாள், "அப்பிடி வெச்சா ஆவி எப்பிடிடா மேல ஏறும்? மேல் தட்டு வேகாது." நான் அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே. என் அம்மா வாழ்நாளில் எந்த வீடியோ கேமையும் ஆடியவளில்லை, அந்தக் கடைக்கு என்னைத் தேடி வந்து காதைத் திருகி இழுத்துப் போனவள். அவளுக்கு நான் தோற்கப்போவது எனக்கு முன்னால் தெரிந்துவிட்டது. பெஞ்சு திரும்ப வந்துவிட்டது.

அந்த ஒரு இட்லிக்காக 'வெண்பா'வை நான் மகத்தான ஆட்டம் என்பேன். முழு ஆட்டத்துக்காகச் சொல்ல மாட்டேன். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் ஆட்டத்தில் பல வருடக் கதையை அடைத்திருக்கிறார்கள். பாவலன் பாத்திரத்துக்கு மூச்சுவிட இடமில்லை. சில சமையல்களில் யோசிக்க ஒன்றுமே இல்லை, சொன்னதை எடுத்துச் சொன்ன இடத்தில் போட்டால் போதும். அப்போது அம்மாவும் போய் டிவி பார்க்க உட்கார்ந்துவிட்டாள். பார்ப்பவரை வைத்து ஆட்டத்தை அளப்பது எவ்வளவு கறாரான அளவுகோல் பாருங்கள். ஆனால் பாட்டியின் புத்தகத்தைச் சரியாகப் படிக்கத் தெரியாத கவினாக நாம் சமைக்கும் பகுதி வந்ததும் கூப்பிட்டேன். வந்தாள். தமிழ் தெரிந்த எனக்கு அந்தத் தடுமாற்றம் ஒரு மாதிரி, டொரண்டோவில் வளர்ந்த பையனுக்கு வேறு மாதிரி. அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அவங்க அம்மாவுக்கு ஒரு போன் பண்ணிக் கேட்டா என்னவாம் இவனுக்கு?" என்றாள். யாருமே சாகாத ஆட்டத்தில் அதுதான் 'எப்பிடிடா செத்த' கேள்வி. அதற்குக் கவினுக்குப் பதில் தெரியும், எனக்கும் தெரியும். சொல்லத்தான் இல்லை. பெங்களூரிலிருந்த எட்டு வருடத்தில் நான் வாரத்துக்கு எத்தனை போன் பண்ணினேன் என்று அவளும் கேட்கவில்லை.

இனி நான் எழுதிய கோடு பற்றி.

சில வருடங்களுக்கு முன் ஒரு மொபைல் கேம் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். யாரோடு யாரை மோதவிடுவது என்று தீர்மானிக்கும் நிரல் என் பொறுப்பு. பலர் சேர்ந்து சுட்டுக்கொள்ளும் ஆட்டம். புதிதாக வருகிறவர்கள் இரண்டு மூன்று ஆட்டம் தோற்றால் அழித்துவிட்டுப் போய்விடுகிறார்கள், அதற்கு ஒரு வழி பண்ணுங்கள் என்று சொன்னார்கள். பண்ணினேன். தொடர்ந்து மூன்று முறை தோற்றவரை அடுத்த ஆட்டத்தில் பாட்களோடு மோதவிடு. பாட் என்றால் மனிதரில்லை, நிரல்தான் ஆளாக நடிக்கிறது. குறி தவறிச் சுடும், நேராக ஓடிவரும், சுடுவதற்கு முன் கொஞ்சம் நிற்கும். பாட்கள் என்று தெரியக்கூடாது, ஆகவே மனிதப் பெயர்கள் வேண்டும் என்றார்கள். பெயர்களுக்கு ஒரு கோப்பு போட்டேன். நம்ம ஊர்ப் பெயர்களாக இருக்கட்டும் என்றதும், எனக்கு முதலில் வந்த பெயர்களைத் தட்டினேன். சுரேஷ், இம்ரான், ஜானி, பாபு, குட்டி. தட்டி முடித்து சேவ் பண்ணின பிறகுதான் உறைத்தது, அது பாய் கடை பெஞ்சு. இடமிருந்து வலம்.

மாற்றவில்லை. பாதிப் பேருக்கு இந்த ஏற்பாடு, மீதிப் பேருக்கு இல்லை என்று பிரித்துச் சோதித்தார்கள். பாட்களை ஜெயித்தவர்கள் மறுநாள் அதிகம் திரும்பி வந்தார்கள். அன்று டீமுக்கு பிரியாணி. நானும் சாப்பிட்டேன்.

அந்த நிரலில் தொழில்நுட்பப் பிழை எதுவும் கிடையாது. இன்றைய மொபைல் ஆட்டங்கள் பலவற்றில் இதே மாதிரி ஏற்பாடு உண்டு, இதைவிடச் சாமர்த்தியமாகவே. விமர்சகனாகச் சொல்ல வேண்டுமென்றால், அது ஜெயிப்பதைப் பொய்யாக்குகிறது என்பதைக்கூட நான் பெரிய குற்றமாகச் சொல்ல மாட்டேன். சின்னப் பிள்ளைகளிடம் தாத்தா வேண்டுமென்றே தாயத்தில் தோற்பதில்லையா? அது தோல்வியைப் படிக்கமுடியாமல் பண்ணிவிடுகிறது, அதுதான் குற்றம். நேற்று 14 பேரைச் சுட்டவன் இன்று முதல் நிமிடத்தில் சாகிறான். நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் அவன் கையில் எந்த வித்தியாசமும் இல்லை, எங்கள் நிரல் அவனைத் திரும்ப மனிதர்களிடம் அனுப்பிவிட்டது, அவ்வளவே. அவனிடம் எப்படிச் செத்தாய் என்று கேட்டால் என்ன சொல்வான்? இன்றைய பையன்களிடம் கேட்டுப்பாருங்கள். "லாக்." "நெட் போயிடுச்சு." "அவன் ஹேக்கர்." "அவன் காசு போட்டு கன் வாங்கிட்டான்." பொய் சொல்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். அவர்களுக்குக் கிடைக்கும் பதில்கள் அவைதான். பாதி நேரம் அவை உண்மையும்கூட.

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மியைப் பற்றித் தமிழ்நாட்டில் பல வருடம் வழக்கு நடந்தது. 2022ல் இங்கே ஒரு சட்டம், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் ஒரு சட்டம். நீதிமன்றங்களில் திரும்பத் திரும்ப வந்த கேள்வி, இது திறமையா அதிர்ஷ்டமா என்பது. சட்டத்துக்கு அந்தக் கேள்வி தேவைப்படலாம். ஆட்டக்காரனுக்கு அது சுற்றி வளைப்பது. தாயத்தில் விழுவது முழுக்க அதிர்ஷ்டம். ஆனால் கட்டை எல்லோர் கண் முன்னாலும் உருள்கிறது, காய் வெட்டுப்படும்போது எந்தக் காயை நகர்த்தாமல் விட்டதால் வெட்டுப்பட்டது என்று வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டி சொல்லிவிடுவாள். போனில் ராத்திரி இரண்டு மணிக்குத் தனியாக ரம்மி ஆடித் தோற்றவனுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள்? வீட்டுக்குத் தெரியும்போது கேள்வி கேட்கும் கட்டம் எப்போதோ தாண்டியிருக்கும். எங்கள் பகுதியில் அப்படி ஒரு வீடு எனக்குத் தெரியும். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

பெஞ்சு இப்போது யூடியூபுக்குப் போய்விட்டது என்று இளைய நண்பர்கள் சொல்கிறார்கள். லட்சம் பேர் ஒரே நேரத்தில் பார்க்கிறார்கள், பெஞ்சு பெரிதாகத்தானே ஆகியிருக்கிறது? உண்மைதான், நல்ல ஸ்ட்ரீமர்கள் தாங்கள் செத்ததைத் தாங்களே திரும்ப ஓட்டிக்காட்டிப் பிரித்து விளக்குவதைப் பார்த்து அசந்திருக்கிறேன். பாயின் கடையில் எவனும் அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. ஆனால் அங்கே சாவது எப்போதும் அவர். பார்ப்பவன் முறை வருவதே இல்லை.

போன மாதம் அக்கா மகன் புளியந்தோப்பிலிருந்து வந்திருந்தான். எட்டாம் வகுப்பு. வந்ததும் போனை நீட்டினான். "மாமா, பாரேன், பதினாலு கில்." பார்த்தேன். நான் வேலை பார்த்த நிறுவனத்து ஆட்டம் இல்லை, வேறு. ஆனால் எதிரிகள் நேராக ஓடிவந்தார்கள். சுடுவதற்கு முன் கொஞ்சம் நின்றார்கள். பெயர்களைப் படித்தேன், யாரோ ஒருவர் தன் ஊர் ஆட்களை உட்கார்ந்து தட்டியிருக்கிறார். அவன் முகத்தைப் பார்த்தேன். "சூப்பர்டா" என்றேன். வேறு என்ன சொல்வது?

அன்று சாயங்காலம் கரண்ட் போய் வந்ததும் வைஃபை வரவில்லை. பழைய லேப்டாப்பில் எமுலேட்டர் போட்டு முஸ்தபாவை ஓட்டினேன். "என்னா மாமா, இவ்ளோ கேவலமா இருக்குது கிராபிக்ஸ்?" என்றான். மஞ்சள் தொப்பியை எடுத்துக்கொண்டான். கீபோர்டில் ஆடுவது அவனுக்குப் பழக்கமில்லை. முன்னால் வந்தவனை நன்றாகவே அடித்துக்கொண்டிருந்தான். இடது ஓரத்தில் ஒருத்தன் நுழைந்து, இறங்கி, நேர்கோட்டுக்கு வந்தான். எனக்குத் தொண்டை வரை வந்தது. பேசாமல் இருந்தேன்.

விழுந்தான். திரையில் எண்கள் இறங்க ஆரம்பித்தன. நான் கேட்கவில்லை, அவனாகவே சொன்னான்.

"பின்னாடி ஒருத்தன் வந்திருக்கான் மாமா. நான் பாக்கல."

பிறகு, எண்கள் நான்குக்கு வந்திருந்தபோது, "காயின் எங்க போடறது?" என்றான்.

5 என்ற பட்டனைக் காட்டினேன்.